மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார்

மகப்பேற்று மருத்துவத்தின் வரலாற்றைப் பேசப் புகுவார்க்கு நம் நாட்டில் வேலூர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் பெயரே முதற்கண் நினைவில் எழும். அஃது இயல்பே. அவர் மருத்துவமனை கண்டார். 1918-ஆம் ஆண்டில் மகளிர்க்கென மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, கடல் கடந்த அமெரிக்க நாட்டின் மலைப்பகுதி ஒன்றில், தாயரைத் தம்மிடம் வருமாறு அழையாது, அவர் இருந்த மரக்குடிலுக்கே குதிரை ஊர்ந்து சென்று மகப்பேறு பார்க்கும் செவிலியர் கூட்டமொன்றை அமைத்தவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார். செவிலியர் உலகம் நன்கறிந்த இப்பெயரை நம் மாணவருட் பலர் கேட்டிரார் என எண்ணுகின்றோம்.

இவ்வம்மையாரின் வரலாற்றை யாம் தேடிப் படித்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் தலைப்பேற்றிற்காகத் தாய்வீடு வந்திருந்தார். எம் பாட்டியார் மக்கள் எழுவரையும் வீட்டிலேயே ஈன்றவர். பேர்த்தியும் அவ்வாறே தம் இல்லத்தில், தமர் சூழ ஈனவேண்டும் என்பது அவர் ஆவல். தமக்கையாரும் மருத்துவமனையின் நெருக்கடிக்கு அஞ்சி, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாகாதா என்று வினவத் தொடங்கினார். அன்னையார் மட்டும் வாய் திறந்திலர். பாட்டியார் ஈன்ற எழுவருள் இருவர் முதலாண்டு நிறைவைக் காணவில்லை என்பதை அவர் மறந்திலர். இவ்வழக்கு எம் இல்லத்திற் பல இரவுகள் நடந்தது. தமிழ் பயிலும் எம்மால் இதற்குத் தீர்ப்புக் கூற இயலுமோ? எனினும், வீட்டு மகப்பேற்றை முறையாக ஆராய்ந்து, திட்டமிட்டு, ஆயிரக்கணக்கில் நடத்திக் காட்டியவர் எவரேனும் உளரோ என்று தேடினோம். அத்தேட்டத்திற் கிடைத்தது இவ்வரலாறு.

மேரி அம்மையார் 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரிற் பிறந்தார். குடிப்பிறப்போ பெரிது. அவர்தம் பாட்டனார் ஜான் பிரெக்கின்ரிட்ஜ், 1857 முதல் 1861 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். பின்னர் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டார் பக்கம் சேர்ந்து படைத்தலைமை பூண்டவர். தந்தையார் கிளிப்டன் பிரெக்கின்ரிட்ஜ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1894-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டிற்குத் தூதராக அனுப்பப்பெற்றார். குடும்பமும் உடன் சென்றது. ஆங்கு 1895-ஆம் ஆண்டில் மேரியின் தாயார்க்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. பேறு நிகழ்ந்தது வீட்டில். பேறு பார்த்தவர் முறைப்படி பயிற்சி பெற்ற ருஷ்ய மருத்துவச்சி ஒருவர். மருத்துவரும் உடன் இருந்தார். பதினான்கு வயதுச் சிறுமி மேரி இதனைக் கண்டு மனத்தில் வைத்துக்கொண்டார். மருத்துவச்சி என்பவள் எழுத்தறியாக் கிழவியாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்து அமெரிக்காவில் வேரூன்றியிருந்தது. கற்ற மருத்துவச்சியை அவர் கண்டது அதுவே முதன்முறை.

பின்னர்ச் சுவிட்சர்லாந்திலும் கனெக்டிகட்டிலும் கல்வி பயின்றார். செல்வக்குடிப் பெண்கள் தொழில் கற்பதை அக்குடும்பத்தார் விரும்பிலர். 1904-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். இருபத்தைந்து வயதில் கைம்மை எய்திய அம்மையார், வீட்டில் முடங்காது, நியூயார்க் நகரத்துச் செயின்ட் லூக் மருத்துவமனையிற் செவிலிப் பயிற்சிக்குச் சேர்ந்து 1910-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1912-ஆம் ஆண்டில் ஆர்க்கன்சஸ் மாநிலத்துக் கல்லூரித் தலைவர் ஒருவரை மறுமணஞ் செய்துகொண்டார்.

இம்மணத்தில் மக்கள் இருவர் பிறந்தனர். தலைமகன் பிரெக்கி 1914-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பிறந்தான். 1916-ஆம் ஆண்டு ஜூலையில் பெண்மகவு ஒன்று குறைமாதத்திற் பிறந்து ஆறு மணிநேரமே உயிர் தாங்கியது. பிரெக்கி நான்கு வயது நிரம்பிய சின்னாட்களில், 1918-ஆம் ஆண்டு ஜனவரியில், குடல் நோயால் இறந்தான். பயிற்சி பெற்ற செவிலியாகிய தாயின் கண்ணெதிரேயே அவன் உயிர் பிரிந்தது. அவன் நான்காண்டு வாழ்வைச் சிறு நூலாக எழுதி அம்மையார் அச்சிட்டார். கணவனொடு வாழ்வும் முறிந்தது. 1920-ஆம் ஆண்டில் மணவிலக்குப் பெற்றுத் தந்தைவழிப் பெயரையே மீண்டும் பூண்டார். பெருமக்கள் வரலாறு எழுதுவார் இத்தகைய செய்திகளை மெல்ல மறைத்துச் செல்வதுண்டு. அம்மையார் பிற்காலத்திற் குழந்தைகளின் பொருட்டுச் செய்தவற்றின் ஊற்று இவ்விரண்டு சிறு கல்லறைகளே ஆதலின் யாம் மறைத்திலோம்.

முதல் உலகப்போர் முடிந்தபின், பாழ்பட்ட பிரான்சு நாட்டிற்கு உதவச் சென்ற அமெரிக்க மகளிர் குழுவிற் சேர்ந்து, 1919 முதல் 1921 வரை ஏன் ஆற்றுப் பகுதியிற் குழந்தைகட்கும் கருவுற்ற தாயர்க்கும் பணிபுரிந்தார். பால் இல்லாது வாடிய குழந்தைகட்கு ஆடுகளை வருவித்துப் பாலூட்டச் செய்தார். ஆங்குத்தான் செவிலிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் ஒருங்கே பெற்ற ஆங்கிலப் பெண்டிர் சிலரைக் கண்டார். செவிலிப் பயிற்சி மட்டும் பெற்ற அமெரிக்கப் பெண்டிர்க்குப் பேறு பார்க்கத் தெரியாது. பேறு பார்க்கத் தெரிந்த பிரெஞ்சு மருத்துவச்சிக்குப் பிற நோயாளரைப் பேணத் தெரியாது. இரண்டும் அறிந்த ஒருத்தியே நாட்டுப்புறத்திற்கு வேண்டியவள் என்பது அவர்க்குத் தெளிவாயிற்று.

நாடு திரும்பிய அம்மையார் தம் பணிக்குத் தேர்ந்தெடுத்த இடம் கெண்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலேச்சிய மலைத்தொடரில் உள்ள லெஸ்லி வட்டாரம். மாநிலத்திலேயே வழியில்லாத இடம் அது. இருப்புப்பாதை இல்லை, மோட்டார் செல்லும் சாலை இல்லை, ஓடைகளின் படுகையே மக்கட்கு வழி. உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவரேனும் அவ்வட்டாரத்தில் இல்லை. இத்தகைய இடத்திற் செய்து காட்டினால் எவ்விடத்தும் செய்யலாம் என்பது அவர் கருத்து.

ஆயினும் உடனே பணி தொடங்கினாரல்லர். முதலில் ஆராய்ந்தார். அம்மையாரின் செயல்களுள் எம்மைப் பெரிதும் கவர்ந்தது இப்பகுதியே. 1923-ஆம் ஆண்டுக் கோடையில், லெஸ்லி, நாட், ஓஸ்லி என்னும் மூன்று வட்டாரங்களிலும் குதிரைமேல் அறுநூறு மைலுக்கு மேல் தனித்துச் சுற்றினார். அப்பயணத்தில் மாறிமாறி அவரைச் சுமந்தவை குதிரைகள் பதின்மூன்று, கோவேறு கழுதைகள் மூன்று. வழியெங்கும் பேறு பார்க்கும் கிழவியர் ஐம்பத்து மூவரை நேரிற் கண்டு உரையாடினார். அவர்தம் சராசரி வயது அறுபது. கல்வி யாது, கற்பித்தவர் யார், கொப்பூழ்க்கொடியை எதனால் அறுப்பர், குருதிப்போக்கு மிகுந்தால் என் செய்வர், இறந்தோர் எத்துணையர் என்றெல்லாம் வினவிக் குறித்துக்கொண்டார். அம்மூதாட்டியருட் பலர் அன்பும் துணிவும் உடையவர். நள்ளிரவிற் பனியில் நடந்து சென்று கூலி பெறாது உதவியவர். ஆயின் கை கழுவாது பேறு பார்த்தலும், குருதிப்போக்கிற்கு மந்திரம் ஓதுதலும், படுக்கையின் கீழ்க் கோடரியை வைத்தால் நோவு அறும் என்று நம்புதலும் அவரிடை வழங்கின. இவர்க்குப் பயிற்சியளித்தல் பயனின்று என்று அம்மையார் முடிவு கட்டினார்.

இம்முடிவை யாம் முற்றும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. நம் ஊர்ப்புறத்து மருத்துவச்சியரை அறிந்தவர்க்கு, அவர் கையிற் குறையும் உண்டு, நிறையும் உண்டு என்பது தெரியும். ஈன்றாளை எவ்வாறு நடக்கச் செய்வது, எவ்வாறு அமரச் செய்வது, எப்பொழுது வாளா இருப்பது என்பவற்றை அவர் நூலிற் கற்றிலர், எனினும் அறிவர். அக்கெண்டக்கிக் கிழவியரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்றும் இல்லை என்று ஒரே கோடையிற் கண்டுகொண்டது விரைவே எனத் தோன்றுகின்றது. அது நிற்க.

தமக்கே மருத்துவச்சிப் பயிற்சி இல்லை என்பதை அம்மையார் அறிவார். அமெரிக்காவில் அதனைக் கற்பிக்கும் தக்க இடமும் அன்று இல்லை. எனவே நாற்பத்திரண்டு வயதில் ஆங்கில நாடு சென்று, இலண்டனை அடுத்த வுல்விச்சில் தாயர்க்கும் மக்கட்குமென அமைந்த மருத்துவமனையிற் பயின்று, தேர்வு எழுதிச் சான்று பெற்றார். அதன்பின் ஸ்காத்லாந்து சென்று மலைப்பகுதிகளையும் தீவுகளையும் சுற்றிப் பார்த்தார். ஆங்கு 1913-ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே பொருளுதவி செய்து, சிதறிக்கிடந்த சிற்றூர்கட்கு மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தியிருந்தது. நடுவே ஒரு சிறு மருத்துவமனை, சுற்றிலும் செவிலியர் தங்கும் நிலையங்கள், நிலையத்தைச் சுற்றி அவரவர்க்கு எல்லை. இவ்வமைப்பை அம்மையார் அப்படியே கெண்டக்கிக்குக் கொணர்ந்தார்.

1925-ஆம் ஆண்டு மே திங்களிற் சங்கம் நிறுவப்பட்டது. கெண்டக்கித் தாய் சேய் நலக் குழு என முதலில் வழங்கிய அது, 1928-ஆம் ஆண்டில் எல்லைப்புறச் செவிலியர் சங்கம் எனப் பெயர் மாறியது. முதலாண்டுகளின் செலவிற் பெரும்பகுதி அம்மையார் தம் தாயார்வழி வந்த பொருள். வெண்டோவர் என்னும் இடத்தில் ஆற்றங்கரையில் மரத்தால் ஆன பெருவீடொன்று எழுந்தது. அதுவே அவர் இல்லமும் அலுவலகமும் ஆயிற்று. உடன் வந்த செவிலியர் முதலில் இருவரே. பின்னர்ப் பலர் வந்தனர். அவருட் பெரும்பாலார் ஆங்கில நாட்டினர், அல்லது ஆங்கில நாடு சென்று பயின்றவர்.

இனி, வீட்டு மகப்பேற்றை அவர்கள் நடத்திய முறையைச் சிறிது விரித்து உரைப்போம். எம் தமக்கையாரும் இப்பகுதியையே இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஏறக்குறைய ஐந்து மைல் எல்லை வகுக்கப்பட்டது. குதிரைமேல் ஏறினால் ஒரு மணிநேரத்திற்குள் எந்தக் குடிலையும் அடைதல் வேண்டும் என்பதே அக்கணக்கின் நோக்கம். கருவுற்ற பெண் இயன்ற அளவு முன்னரே தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஏழாந் திங்கள் வரை இரு வாரத்திற்கு ஒருமுறையும், அதன்பின் வாரந்தோறும் செவிலி அவளைக் காண்பாள். குருதியழுத்தம் அளப்பாள், சிறுநீர் சோதிப்பாள், கால்வீக்கம் பார்ப்பாள், இடுப்பெலும்பின் அளவையும் கருவின் கிடையையும் தடவி அறிவாள். அக்காலத்தில் தாயரைக் கொன்ற பெருநோய்கள் மூன்று: பேற்றுச் சுரம், குருதிப்போக்கு, வலிப்பு. இவற்றுள் வலிப்பு திடீரெனத் தோன்றுவது போலக் காணப்படினும், சில வாரங்கட்கு முன்னரே குருதியழுத்தம் உயர்ந்து தன்னை அறிவித்துவிடும். பார்ப்பவர் இருந்தாலன்றோ அறிவிப்புப் பயன்படும்? வாரந்தோறும் சென்ற அச்செலவின் பொருள் இதுவே.

பேறு நிகழவிருக்கும் அறையையும் செவிலி முன்னரே பார்வையிடுவாள். ஒற்றை அறைக் குடில்களே பல. படுக்கை எவ்விடம், விளக்கு எவ்விடம், நீர் காய்ச்சும் அடுப்பு எவ்விடம் என்று குறிப்பாள். பழைய செய்தித்தாள்களை அடுக்கித் தைத்து விரிப்புச் செய்யக் கற்பிப்பாள். துணிகளை வெளுத்துச் சூடேற்றி மடித்து வைக்கச் சொல்வாள். மற்றைப் பிள்ளைகளை அன்றிரவு எவ்வீட்டில் விடுவது, கணவன் வெளியூர் சென்றிருப்பின் செவிலியை அழைக்க ஓடுபவன் யார் என்பனவும் உசாவப்படும். ஆறு பெருகிய காலமாயின், நாள் நெருங்கிய தாயை நிலையத்திற்கு அருகிலோ மருத்துவமனைக்கோ முன்னரே கொணர்ந்து வைப்பதும் உண்டு.

செவிலியின் சேணப்பை ஏறக்குறைய 40 பவுண்டு நிறையுடையது. கொதிநீரிற் சுத்தி செய்த கத்தரி, கொடி கட்டும் நூல், மேலங்கி, தொப்பி, வழலை, குழந்தையின் கண்ணில் விடும் வெள்ளி மருந்து, குழந்தையைத் தொங்கவிட்டு நிறுக்கும் சிறு தராசு, வறிய வீடாயின் அக்குழந்தைக்கு உடுத்தும் துணி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அப்பையில் இருந்த மற்றொன்று கருதத்தக்கது. லெக்ஸிங்டன் நகரத்து மருத்துவர் சிலர் கூடி எழுதிக் கொடுத்த விதிநூல் அது. மருத்துவரின்றிச் செவிலி தானே செய்யத்தக்கது எது, செய்யத் தகாதது எது, எந்தக் குறி கண்டால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பன அதிற் கண்டிருந்தன. தன் அறிவின் எல்லையை முன்னரே எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவிற் புறப்படும் செவிலியை எண்ணிப் பார்க்கின்றோம்.

கணவன் வந்து அழைக்கக்கூடிய வழியாயின் செவிலியும் அவ்வழியே சென்றடைந்தே தீருவாள் என்பது சங்கத்தார் வகுத்த நெறி. பனியுறைந்த ஓடையில் குதிரை வழுக்கும். பெருகிய ஆற்றில் நீந்தும். நீலச் சாம்பல் நிறக் காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து ஆண்களைப் போலக் குதிரையேறிய இப்பெண்டிரை முதலில் வியந்து நோக்கிய மலைமக்கள், விரைவில் அவர்தம் குதிரைகளின் குளம்படி ஓசையையே அடையாளங் கண்டுகொண்டனர். பேறு முடிந்தபின்னும் பத்து நாள் நாடோறும் செவிலி வந்து தாயையும் சேயையும் காண்பாள். அக்குழந்தை பள்ளி செல்லும் வயது வரை அவள் கணக்கில் இருக்கும். குடும்பத்தார்க்கெல்லாம் அம்மைக்கும் குடற்சுரத்திற்கும் தொண்டையடைப்பானுக்கும் தடுப்பூசி இடுவதும் அவள் பொறுப்பே.

இத்தனைக்கும் கட்டணம் பேறு ஒன்றிற்கு 5 டாலர். குடும்பப் பேணலுக்கு ஆண்டிற்கு 1 டாலர். அப்பணமும் இல்லாதார் வைக்கோலோ, முட்டையோ, தாம் முடைந்த நாற்காலியோ, வேலி கட்டும் உழைப்போ கொடுத்துக் கடன் தீர்த்தனர். இலவசமாகச் செய்யின் மலைமக்கள் மானம் குன்றும் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். கட்டணம் செலவிற் சிறுபகுதிக்கும் போதாது. மிகுதியைத் திரட்டுதற்பொருட்டு அவர் நியூயார்க், பாஸ்டன் முதலிய நகரங்களின் செல்வர் மாளிகைகளில் ஆண்டுதோறும் சென்று பேசினார். பாட்டனாரின் பெயர் அங்கு நன்கு பயன்பட்டது.

வீடே போதும் என்று அவர் எண்ணினாரல்லர் என்பதை வற்புறுத்திக் கூறவேண்டும். 1928-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஹைடன் என்னும் ஊரின் மலைச்சரிவிற் கல்லாற் கட்டிய சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் ஸ்காத்லாந்திலிருந்து வந்த லெஸ்லி மெக்கென்சிப் பெருமகனார். முன்னர் அம்மையார்க்கு அத்தீவுகளின் அமைப்பைக் காட்டியவர் அவரே. அதன்பின், முன்னரே ஐயத்திற்கு இடமான பேறுகள் அங்குக் கொணரப்பட்டன. வழியில் நலிந்த தாயரை அண்டை வீட்டு ஆடவர் தூக்குக்கட்டிலில் தோள்மாற்றிச் சுமந்து வந்தனர். எஞ்சியவை வீட்டிலேயே நடந்தன.

இதன் பயன் யாது? அம்மையார் எண்களில் நம்பிக்கையுடையவர். தொடக்கம் முதலே ஒவ்வொரு பேற்றையும் ஏட்டிற் பதியச் செய்தார். முதல் ஆயிரம் பேறுகளின் ஏடுகளை மெட்ரோபாலிட்டன் ஆயுட் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியல் அறிஞர் லூயி டப்ளின் ஆராய்ந்தார். கருவுற்றதன் அல்லது பேற்றின் நேர்விளைவாக ஒரு தாயும் இறந்திலள் என்பது அவர் கண்டது. அக்காலத்து அமெரிக்காவில் ஆயிரம் பேறுகட்குத் தாயர் அறுவர்க்கு மேல் இறந்துகொண்டிருந்தனர். பிற்காலத்தார் முதற் பதினாயிரம் பேறுகளை ஆராய்ந்தபோது, சங்கத்தின் எல்லையில் தாயர் சாவு பதினாயிரத்திற்கு ஏறக்குறைய 9 ஆகவும், அவ்வாண்டுகளில் நாடு முழுதும் ஏறக்குறைய 34 ஆகவும் இருந்தமை கண்டனர். வறுமையிலும் வழியின்மையிலும் நாட்டிற் கடைப்பட்ட மலைப்பகுதியில் நிகழ்ந்தது இது. இவ்வெண்களைக் கண்டதும் எம் பாட்டியார் பக்கமே வழக்கு வென்றுவிட்டது என யாம் முதலிற் களித்தோம். மறுமுறை படிக்கையிற் களிப்புத் தணிந்தது. அவ்வெண்களின் பின்னே வாரந்தோறும் வந்த செவிலி நின்றாள். சோதித்த சிறுநீர் நின்றது. ஹைடன் மருத்துவமனையும் நின்றது. எம் ஊரில் எம் தமக்கையார் வீட்டிற் பெற விழைந்தால் உடன் நிற்பவர் யார்? பாட்டியாரும் அண்டை வீட்டு அத்தையும். 2018-ஆம் ஆண்டில் திருப்பூரில், பயின்ற துணை ஒன்றுமின்றி வீட்டிற் பேறு முயன்ற தாய் ஒருவர் குருதிப்போக்கால் உயிர் நீத்த செய்தியை அன்னையார் அப்பொழுதுதான் எடுத்துரைத்தார். அத்துணை நாளும் அதை மனத்தில் வைத்தே வாய் திறவாது இருந்தார் போலும்.

அம்மையார்பால் யாம் கண்ட குறை ஒன்றையும் உரைத்தல் கடன். அடிமைகளை வைத்து ஆண்ட குடியில் வந்த அவர், கறுப்பினத்தாரைத் தமக்குச் சமமாகக் கருதினாரல்லர்; அவர்களொடு ஒருங்கிருந்து உண்ணவும் உடன்பட்டிலர். அவர்தம் சங்கத்திற் கறுப்பினச் செவிலியர்க்கு இடம் தரவில்லை. தென்மாநிலங்களில் வறிய தாயர்க்குப் பேறு பார்த்து வந்தவருட் பெருந்தொகையினர் கறுப்பின மருத்துவச்சியரே என்பதை நினைக்குங்கால் இக்குறை மிகப் பெரிதாகின்றது. காலத்தின் வழக்கம் என்று சொல்லி இதனைக் கடந்து செல்ல எமக்கு மனமில்லை. நம் ஊரிலும் மருத்துவச்சி எக்குலத்தினள் என்பதும், பேறு பார்த்து முடிந்தபின் அவள் எவ்வாசல் வழியே வெளியேறினாள் என்பதும் நாம் அறியாதன அல்ல.

1931-ஆம் ஆண்டிற் குதிரையினின்று வீழ்ந்து அம்மையார் முதுகெலும்பு முறிந்தது. எஃகுக் கச்சு அணிந்து மீண்டும் குதிரையேறினார். 1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், ஆங்கிலச் செவிலியருட் பலர் தம் நாட்டிற்கு ஊழியஞ் செய்யத் திரும்பினர். சங்கம் கலைந்துவிடும் நிலை. அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே, செவிலியர்க்கு மருத்துவச்சிப் பயிற்சியளிக்கும் பள்ளியொன்றை ஹைடனிலேயே தொடங்கினார். அதன் முதல் மாணவியர் இருவரே. அப்பள்ளியே வளர்ந்து பல்கலைக்கழகமாகி, கெண்டக்கியின் வெர்சேல்ஸ் நகரிற் பணியாற்றி வருகின்றது.

எம் இல்லத்து வழக்கு முடிந்த வகையையும் கேட்க விழைவார் இருக்கலாம். தமக்கையார் ஒரு நாள் மாலை எம்மிடம் தாள் வாங்கி, பிரெக்கின்ரிட்ஜ் அம்மையாரின் செவிலியர் செய்தாற்போல, தாமே எழுதத் தொடங்கினார். நோவு கண்டால் முதலில் அறிவிக்க வேண்டியவர் யார். 108 வண்டி வர எத்துணை நேரமாகும். வராவிடின் யார் வண்டி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவிற் செவிலி இருப்பாளா. அங்கிருந்து தாலுகா மருத்துவமனை எத்துணை மைல். தம்மொடு ஒத்த குருதி யாரிடம் உண்டு. ஊர்ச் செவிலியரிடம் சென்று ஒவ்வொன்றையும் கேட்டு விடை எழுதினார். பாட்டியார்க்கும் அத்தாளில் ஓரிடம் உண்டு: நோவு தொடங்கியது முதல் வண்டியேறும் வரை முதுகை நீவி, நடக்கச் செய்து, உடனிருப்பவர் அவர். பாட்டியார் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் தம் இடம் சிறிது என்று குறைப்பட்டார். மறுநாள் தம் பழைய பருத்திச் சேலைகளை வெளுத்துக் கிழித்து, வெயிலிற் காயவைத்து மடித்தார். ஆடி மாத இறுதியில், ஆரம்பச் சுகாதார நிலையத்தில், செவிலி ஒருவர் பேறு பார்க்க, பெண்மகவு பிறந்தது. அதனை முதலிற் சுற்றிய துணி அச்சேலையே.

மேரி அம்மையார் 1952-ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அதற்குள் மலைகளிற் சாலைகள் வந்தன. குதிரை போய் ஜீப்பு வண்டி வந்தது. அமெரிக்கத் தாயருள் மிகப் பெரும்பாலார் அப்பொழுது மருத்துவமனையிலேயே ஈன்றனர். 1940-ஆம் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டன. லெஸ்லி வட்டாரத்துத் தாயரும் சாலை வழியே ஹைடனுக்கு வரத் தலைப்பட்டனர். அம்மையார் எண்பது வயது கடந்தும் வெண்டோவரிற் கோழிகளைப் பேணி, வந்த விருந்தினரை வரவேற்று, சங்கக் கடிதங்கட்கு விடை எழுதிக்கொண்டிருந்தார். 1965-ஆம் ஆண்டு மே திங்கள் 16-ஆம் நாள், தாம் கட்டிய அம்மரவீட்டிலேயே உயிர் நீத்தார். லெக்ஸிங்டனில் தம் குடும்பத்தார் துயிலும் இடத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. பத்தாண்டுகட்குப் பின், 1975-ஆம் ஆண்டில், ஹைடனிற் புதிதாக எழுந்த மருத்துவமனைக்கு அவர் பெயரை இட்டனர்.